என் மருமகளின் ஆட்டமும் என் ஐந்து ஃபவுல்களும்

“முழுமையான விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்து இருபத்தொரு வேலை நாள்களுக்குள் விண்ணப்பதாரருக்கு முடிவு தெரிவிக்கப்படும்.” விதி ஏழு, உட்பிரிவு இரண்டு. விளையாட்டுப் பயிற்சியாளர்களைப் பதிவு செய்யும் அலுவலகத்தின் வழிகாட்டிக் குறிப்பில் இது இருக்கிறது. அந்தக் குறிப்பை நான் அடிக்கோடிட்டு, ஓரத்தில் பென்சிலால் எழுதிப் படித்தேன். என் மருமகள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இந்த விதி அவளுக்குப் பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தாமல் போனதற்கு அலுவலகம் காரணமல்ல, அவளும் காரணமல்ல. குடும்பத்தில் மிச்சம் இருந்தது நான்தான்.

நான் அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றவன். கடைசிப் பத்தாண்டுகள் மேல்முறையீட்டுப் பிரிவில் கழிந்தன. எந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும், எந்தக் கட்டத்தில் கோடு போட வேண்டும், யாருக்கு நகல் அனுப்பினால் யாருக்குக் கோபம் வரும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. வேலை போன பிறகும் பழக்கம் போகவில்லை. புக்கிட் மேராவில் எங்கள் புளோக்கில் யாருக்காவது நகர மன்றத்திலிருந்து கடிதம் வந்தால் என் கதவைத் தட்டுவார்கள். ஒன்பதாம் மாடிக்காரர் ஒருவர் நடைபாதையில் செருப்பு அலமாரி வைத்த விவகாரத்தை நான்தான் நடத்தினேன். ஏழு மாதப் போராட்டம். வென்றோம். வென்ற பிறகு அவர் என்னோடு மின்தூக்கியில் ஏறுவதில்லை. ஏறினால் அடுத்து எதற்கு மனுப் போடலாம் என்று கேட்டுவிடுவேனாம்.

மருமகள் தேனிப் பக்கத்துப் பெண். நான்கு ஆண்டுகளுக்கு முன் என் மகனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். கல்யாணத்துக்கு முன் வந்த விவரக் குறிப்பில் ‘ரயில்வே எழுத்தர், விளையாட்டில் ஆர்வம்’ என்று இருந்தது. விளையாட்டில் ஆர்வம் என்றால் மாலையில் பூப்பந்து ஆடுவாள் போல என்று நினைத்துக்கொண்டேன். என் குறிப்பிலும் ‘வாசிப்பில் ஆர்வம்’ என்று எழுதித்தான் எனக்குப் பெண் கொடுத்தார்கள். இங்கே சிராங்கூன் சாலை மண்டபத்தில் வரவேற்பு நடந்தபோது அவளுடைய பழைய குழுவிலிருந்து நான்கு பெண்கள் விமானம் ஏறி வந்திருந்தார்கள். அவர்கள் நடுவே நான் நின்று எடுத்த படம் வீட்டில் இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் வழி தவறியவன்போல அவர்களுடைய தோளுக்குக் கீழே தெரிகிறேன். அன்றே விசாரித்திருக்க வேண்டும்.

அவளும் மகனும் இருப்பது சுவா சூ காங்கில். நிரந்தரவாசம் கிடைத்த பிறகு அவள் வேலை தேடினாள். நேர்காணலில் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்களாம். ரயில்வே எழுத்தராக என்னென்ன வேலை செய்தீர்கள்? அவளுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கு அது வியப்பாக இருந்தது. செய்யாத வேலையைப் பற்றி அரை மணி நேரம் பேசத் தெரியாத எழுத்தரை நான் பார்த்ததே இல்லை.

ஒரு சனிக்கிழமை மாலை என் மனைவி கொடுத்தனுப்பிய மீன் குழம்போடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மகன், “கீழ கோர்ட்ல இருக்கா ப்பா” என்றான். புளோக்குக்குப் பின்னால் இருந்த கூடைப்பந்துத் திடலில் சீன இளைஞர்களும் சில மாணவிகளும் மும்மூன்று பேராக ஆடிக்கொண்டிருந்தார்கள். நடுவே இவள். முழங்காலில் கறுப்புப் பட்டை. அதிகம் ஓடவில்லை. நின்ற இடத்திலிருந்தே எங்கோ பார்த்துக்கொண்டு வேறெங்கோ பந்தைப் போட்டாள்; அங்கே யாராவது ஒருவர் அப்போதுதான் வந்து சேர்ந்தார். நான் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்க்கும் இடத்தை விட்டு அது எப்போதும் போயிருந்தது.

“ஆண்ட்டி, யூ லெஃப்ட்-ஹேண்டட் ஆ?” என்று ஓர் இளைஞன் மூச்சு வாங்கக் கேட்டான்.

“நோ லா. ரைட் ஹேண்ட் ரெஸ்ட் எடுக்குது” என்றாள். பாதி தமிழில் சொன்னது அவனுக்கு எப்படிப் புரிந்ததோ, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

குழம்புச் சட்டியோடு ஓரத்தில் நின்ற எனக்கு, நான்கு ஆண்டுகளாக இவளிடம் ரசத்தில் புளி எவ்வளவு என்று மட்டுமே பேசியிருக்கிறேன் என்பது உறைத்தது.

அந்த மாணவிகளில் ஒருத்தி பக்கத்து உயர்நிலைப் பள்ளிக் குழுவில் ஆடுபவள். அவள் போய்த் தன் ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறாள். இரண்டு வாரத்தில் அந்தச் சீன ஆசிரியை திடலுக்கே வந்துவிட்டார். பெண்கள் குழுவின் பயிற்சியாளர் ஆண்டு இறுதியில் விலகுகிறார். டிசம்பர் விடுமுறைப் பயிற்சி தொடங்குவதற்குள் உங்கள் பெயர் பதிவாகிவிட்டால் குழு உங்களுடையது, ஆகாவிட்டால் வேறு ஆளைப் பார்த்தாக வேண்டும் என்றார். அப்போது ஆகஸ்ட் மாதம். நிறைய நாள் இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பாடு. மருமகள் அன்று சோறு போட்டுக்கொள்ளாமல் பேசிக்கொண்டே இருந்தாள். நான்கு ஆண்டுகளில் அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

“ஃபோன்லயே அப்ளை பண்ணிடலாமாம் மாமா. பத்து நிமிஷ வேலையாம்.”

நான் சொன்னேன்: “எதுக்கும் நான் ஒரு தடவை பாத்துடறேனே.”

என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். “வேணாங்க.”

“என்ன வேணாம்?”

“என்னவா இருந்தாலும் வேணாம் லா. அந்தப் பொண்ணே போட்டுக்கட்டும்.”

ஆனால் மருமகள் மரியாதை தெரிந்த பெண். “மாமாவுக்குத் தெரியாததா, அத்தை?” என்றாள். தன் ஆட்ட வாழ்க்கையில் அவள் கொடுத்த மிக மோசமான பாஸ் அதுதான் என்று பிறகு ஒருமுறை சொன்னாள்.

படிவத்தில் ‘விளையாட்டு வாழ்க்கைச் சுருக்கம்’ என்று ஒரு பகுதி. ஐந்து வரி போதும் என்று அதிலேயே இருந்தது. ஐந்து வரி போதும் என்று எழுதியிருந்தால் இணைப்பு சேர்க்கலாம் என்று அர்த்தம் என்பது என் துறையில் எல்லாருக்கும் தெரியும். அரசாங்கப் பணிப்பதிவின் வடிவத்தில் ஒரு சுருக்கம் தயாரிக்க உட்கார்ந்தேன். அவளை எதிரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டேன்.

கல்லூரிக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் போனாள். இரண்டாம் ஆண்டிலேயே குழுத் தலைவி. பல்கலைக்கழகக் குழுவில் இடம். பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டியில் தங்கம். பிறகு மாநிலக் குழு. படிப்பு முடியும் முன்பே ரயில்வே அழைத்துக்கொண்டது. அங்கே ஏழு ஆண்டுகள், இரண்டு தேசியப் பதக்கங்கள், கடைசியில் முழங்கால். இதையெல்லாம் அவள் கொத்தமல்லி ஆய்ந்தபடி சொன்னாள். நான் ஒவ்வொன்றுக்கும் சான்று கேட்டேன். பெரும்பாலானவற்றுக்கு இருந்தது.

“அதெல்லாம் சும்மா மாமா. எங்களுக்கு உண்மையான மேட்ச்னா கடற்கரைப் பக்கம் நடக்கிற மின்னொளி ஆட்டந்தான். ராமநாதபுரத்துக்கு அந்தப் பக்கம். சவுக்குக் கம்புல கேலரி கட்டிருப்பாங்க. ஊரே வந்து உக்காந்திருக்கும். அங்க ஒரு ஃபைனல் ஜெயிச்சோம் பாருங்க, அதான் மாமா.”

“அதுக்கு என்ன சான்று?”

“வெட் கிரைண்டர்.”

“என்னது?”

“முதல் பரிசு வெட் கிரைண்டர். டீமுக்கு ஒண்ணு.”

“பன்னண்டு பேருக்கு ஒரு கிரைண்டரா?”

“குலுக்கிப் போட்டோம். கோச்சுக்கு விழுந்துச்சு. அவுக வீட்டுல இன்னும் ஓடுதாம்.”

கிரைண்டரை இணைப்பாகச் சேர்க்க முடியாது. சான்றில்லாத ஒன்று நடந்ததாகக் கொள்ள இயலாது என்று நானே எத்தனையோ மனுக்களில் எழுதியிருக்கிறேன். அவளுடைய வாழ்க்கையின் மிகப் பெரிய ஆட்டத்தை நீக்கிவிட்டேன். பல்கலைக்கழகத் தொடக்கவிழா அணிவகுப்பில் கொடி பிடித்ததற்குச் சான்றிதழ் இருந்தது. அதைச் சேர்த்தேன்.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வந்தது. ‘அமெச்சூர் ஆட்டக்காரர்’, ‘தொழில்முறை ஆட்டக்காரர்’ என்று இரண்டு பெட்டிகள். ஒன்றைக் குறிக்க வேண்டும்.

“ரயில்வேயில் உன் பதவி என்ன?”

“கிளார்க்.”

“சம்பளம் எதுக்கு?”

“கிளார்க் வேலைக்கு.”

“அந்த வேலையைப் பார்த்தியா?”

“காலையில ப்ராக்டிஸ், சாயந்தரம் ப்ராக்டிஸ். நடுவுல ஆபீஸ் போயி கையெழுத்துப் போடுவோம்.”

“போட்டுட்டு?”

“கெளம்பிருவோம்.”

“அப்ப உன் மேசை வேலையை யார் பார்த்தது?”

“உங்களை மாதிரி யாராச்சும் பாத்திருப்பாங்க மாமா.”

அடுப்படியிலிருந்து என் மனைவி சிரித்த சிரிப்பு எதிர் புளோக்குக்குக் கேட்டிருக்கும்.

“ப்ரொஃபஷனல்னு டிக் போடுங்க மாமா. இல்ல, அமெச்சூர்னு போடுங்க. கோச் ஆகுறதுக்கு ரெண்டும் ஒண்ணுதானாம், டீச்சர் சொன்னாங்க.”

இரண்டும் ஒன்றென்றால் இரண்டு பெட்டி எதற்கு? இதை அந்தப் பெண்ணுக்கு விளக்க முடியவில்லை. பிறகு பார்க்கலாம் என்று இரண்டையும் காலியாக விட்டேன்.

சான்றிதழ்களின் நகல்களுக்குச் சான்றொப்பம் வாங்க அவளைத் தேக்காவுக்கு அழைத்துப் போனேன். நகைக் கடைக்கு மேல் மாடியில் ஒரு வழக்கறிஞர் அலுவலகம். குறிப்பில் சாதாரண நகல் போதும் என்றுதான் இருந்தது. ‘போதும்’ என்ற சொல்லை நான் எப்போதும் குறைந்தபட்சம் என்றே படிப்பேன். வழக்கறிஞர் ஒவ்வொரு தாளாக முத்திரை குத்தினார். கீழே இறங்கியதும் தேநீர் குடிக்கப் போனோம். பக்கத்தில் துணிக்கடை வைத்திருக்கும் பெரியவர் அங்கே உட்கார்ந்திருந்தார். கீழக்கரைப் பக்கத்து மரைக்காயர். எனக்கு முப்பதாண்டுப் பழக்கம். அவர் என்னை விட்டுவிட்டு மருமகளையே பார்த்தார்.

“நீங்க அந்த ரயில்வே பொண்ணுதானேம்மா? நம்மூரு மின்னொளி ஆட்டத்துல ஆடுனீங்களே?”

“ஆமா பாய்.”

அவர் எழுந்து நின்றுவிட்டார். “யா அல்லா! சார், இது யாருன்னு தெரியுமா உங்களுக்கு? அந்த வருஷம் நான் ஊருக்குப் போயிருந்தேன். ஃபைனல். கையில கட்டோட ஆடுது இந்தப் புள்ள. கடைசி நிமிஷம். பாதிக் கிரவுண்டுல நிக்கிது. அங்கேர்ந்து ஒண்ணு போட்டுச்சு பாருங்க! பந்து உள்ள போகுது, விசில் அடிக்கிறான். கேலரி அப்படியே சரிஞ்சு விழுந்துருச்சு!”

மருமகள் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கிடைத்தது சாட்சி என்று எனக்குள் பழைய ஆள் விழித்தான். இதை ஒரு கடிதமாக எழுதித் தருவீர்களா என்று கேட்டேன்.

“ஏன் தரமாட்டேன்? இப்பவே தாரேன். எத்தனை பாயிண்டுன்னு போட? நாப்பது போடவா?”

கடிதம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பேருந்தில் திரும்பும்போது அவளிடம் விசாரித்தேன்.

“கையில கட்டா?”

“கட்டு எதிர் டீம் பொண்ணுக்கு மாமா.”

“பாதிக் கிரவுண்டு?”

“ஃப்ரீ த்ரோ. கோட்டுல நின்னு போட்டது.”

“கேலரி?”

“கேலரி நெசமாவே விழுந்துச்சு. ஆனா அது அரை இறுதியில.”

“ஏம்மா திருத்தல?”

“எவ்ளோ சந்தோசமாச் சொன்னாரு. அதைப் போயி திருத்துவாங்களா?” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள், “இந்த ஊருக்கு வந்து நாலு வருசத்துல, நான் யாருன்னு ஒருத்தர் சொல்லிக் கேட்டது இதான் முதல் தடவை மாமா.”

இதைக் கேட்ட பிறகாவது நான் ஒரு பெட்டியில் குறி போட்டு அனுப்பியிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. ‘கூடுதல் குறிப்புகள்’ என்ற இடத்தில் ‘இணைப்பு ஊ காண்க’ என்று எழுதினேன். இணைப்பில் ஒன்றரைப் பக்கம். அதன் சாரம் இது: ஒரு விளையாட்டை ஆடுவதற்காக, தான் செய்யாத வேறொரு வேலையின் பெயரில் ஊதியம் பெற்ற ஒருவர், அந்த விளையாட்டில் தொழில்முறையாளரா, அல்லது அந்த வேலையில் தொழில்முறையாளரா, அல்லது இரண்டிலும் இல்லையா? தங்கள் மேலான தெளிவுரையை வேண்டுகிறேன்.

என் பணிக்காலம் முழுவதும் நான் எழுதிய கேள்விகளில் இதுதான் சிறந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். இதே கேள்வியை என்னைப் பற்றி யாரும் கேட்டுவிடாமல் ஓய்வு பெற்றது என் அதிர்ஷ்டம். அலுவலகத்திலிருந்து வரும் கடிதங்கள் நேராக எனக்கே வர வேண்டும் என்பதற்காக, தொடர்பு கொள்ள அதிகாரம் பெற்றவர் என்று என் பெயரைப் போட்டு மருமகளிடம் கையெழுத்து வாங்கினேன். இணையத்தில் இணைப்பு ஊவுக்கு இடமில்லை. பதிவு அஞ்சலில் அனுப்பினேன்.

இருபத்தொரு வேலை நாள்கள் ஓடின. பதில் இல்லை. இருபத்திரண்டாம் நாள் காலையில் எனக்கு விளங்கியது. பல் துலக்கிக்கொண்டிருந்தேன். கேள்வி கேட்கும் விண்ணப்பம் முழுமையான விண்ணப்பம் அல்ல. அது கொள்கை சார்ந்த கோப்பு. அதைத் தனித் தட்டில் போடுவார்கள். குழு கூடும்போது எடுப்பார்கள். குழு எப்போது கூடும் என்று எந்த விதியிலும் இராது. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் பிரிவில் அந்தத் தட்டை ஏற்படுத்தியவனே நான்தான். தேவையில்லாமல் கேள்வி கேட்கும் மனுதாரர்களுக்காக.

அடுத்து என்ன செய்யக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். நினைவூட்டல் அனுப்பக் கூடாது. நினைவூட்டல் வந்தால் கோப்பை அடியிலிருந்து உருவுவார்கள், அதில் கடிதத்தைக் கோப்பார்கள், மேலே வைக்க மாட்டார்கள். நினைவூட்டல் அனுப்பினேன். பிறகு நினைவூட்டலுக்கு ஒப்புகை கேட்டு ஒன்று. பிறகு இணைப்பு ஊவில் பக்க எண் தவறியதைத் திருத்தி ஒன்று. அதன் பிறகு எழுதியது எதற்கென்று இப்போது நினைவில்லை. தொனி மிகவும் பணிவாக இருந்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

தீபாவளிக்கு முந்தின வாரம் மருமகள் தானே தொலைபேசியில் விண்ணப்பிக்க முயன்றாள். உங்கள் பெயரில் ஏற்கெனவே ஒரு விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்று திரை சொல்லிவிட்டது. அன்று மாலை எங்கள் வீட்டுக்கு வந்தாள். தேநீர் வேண்டாம் என்றாள்.

“டீச்சர் ஃபோன் பண்ணாங்க மாமா. இந்த மாசக் கடைசிதான் டைமாம். இன்னொரு கோச்சையும் பாத்து வச்சிருக்காங்களாம்.”

“நான் ஒரு கடிதம்…”

“மாமா.” அவள் குரலை உயர்த்தவில்லை. “இதுவரைக்கும் எத்தனை எழுதுனீங்க?”

“விண்ணப்பத்தோட சேர்த்து அஞ்சு.”

“எங்க ஆட்டத்துல அஞ்சு ஃபவுல் பண்ணா என்ன செய்வாங்க தெரியுமா?”

தெரியும். அவளுக்காகக் கூடைப்பந்து விதிப்புத்தகம் முழுவதையும் நான் படித்திருந்தேன்.

“பெஞ்ச்ல உக்காருங்க மாமா. ப்ளீஸ். நான் போயிக்கிறேன்.”

என் மனைவி சும்மா இருக்கவில்லை. “நல்லா சொன்ன. ஆகஸ்ட்லயே சொன்னேன். யாரு கேட்டா?”

நான் உட்கார்ந்தேன். எழுதாமல் இருந்த அந்த நாள்கள் எனக்கு நோன்பு மாதிரி. ஒரு பிற்பகல் பேனாவை எடுத்து மளிகைப் பட்டியலை எழுதினேன். ‘மேற்கண்ட பொருள்கள்’ என்று முடித்திருந்ததை மனைவி உரக்கப் படித்தாள்.

மருமகள் நேராகப் பதிவு அலுவலகத்துக்குப் போய் எண் சீட்டு எடுத்து உட்கார்ந்திருக்கிறாள். அங்கிருந்து எனக்கு அழைப்பு வந்தது. “மாமா, கொஞ்சம் வர முடியுமா? உங்க கையெழுத்து வேணுமாம்.” டாக்சியில் போனேன்.

முகப்பில் இருந்தவர் ஓர் இளம் மலாய்ப் பெண். அவர் முன்னால் என் கோப்பு இருந்தது. என் கடிதங்களால் அது நன்றாகவே தடித்திருந்தது. மருமகளின் தகுதியில் எந்தச் சந்தேகமும் இல்லை, முதல் வாரமே எல்லாம் சரிபார்த்தாகிவிட்டது, இரண்டு பெட்டியில் எதைக் குறித்தாலும் அன்றே பதிவாகியிருக்கும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். “இந்தக் கேள்வி இருக்கும்வரை என்னால் கோப்பை மூட முடியாது, அங்கிள். கேட்டவர் நீங்கள். நீங்கள்தான் திரும்பப் பெற வேண்டும்.” பிறகு மிகவும் இதமாக, நோயாளியின் உறவினரிடம் கேட்பதுபோலக் கேட்டார். “இதற்குப் பதில் உங்களுக்குக் கட்டாயம் வேண்டுமா?”

வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் மருமகள் நின்றுகொண்டிருந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. திடலில் எங்கோ பார்த்துக்கொண்டு பந்தைப் போடுவாளே, அப்படிச் சுவரில் இருந்த எண் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த எண் சீட்டை மடித்து மடித்துக் கடுகளவு ஆக்கியிருந்தாள்.

அவர் நீட்டிய தாளில் ஒரே வரிதான் எழுத வேண்டும். இணைப்பு ஊவில் நான் எழுப்பிய கேள்விக்குப் பதில் தேவையில்லை. எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். நகல் கேட்கவில்லை. இதைப் படிக்கும் என் பழைய சகாக்கள் நம்ப மாட்டார்கள், ஆனால் கேட்கவில்லை.

“எந்தப் பெட்டி?” என்று அந்தப் பெண் கேட்டார்.

“ப்ரொஃபஷனல்” என்றாள் மருமகள், நான் வாய் திறப்பதற்குள்.

வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றோம். “தேங்க்ஸ் மாமா” என்றாள். “எதுக்கும்மா?” என்றேன். “பெஞ்ச்லேர்ந்து வந்து ஒரு ஆட்டம் ஆடிட்டீங்கள்ல.” ஐந்து ஃபவுல் ஆனவரைத் திரும்ப இறக்க விதியில் இடமில்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அன்று மட்டும் இரண்டு தடவை வாயை மூடியிருக்கிறேன்.

பதிவு மறுநாளே மின்னஞ்சலில் வந்தது. டிசம்பர் விடுமுறை முழுவதும் அவள் அந்தப் பெண்களைப் பிழிந்து எடுத்தாள். மாண்டரினில் ‘ஓடு’, ‘பின்னால் வா’, ‘பந்தைப் பார்க்காதே’ என்பதெல்லாம் கற்றுக்கொண்டுவிட்டாள். அந்தப் பெண்களும் ‘ஐயோ’வைக் கற்றுக்கொண்டார்கள். புத்தாண்டு பிறந்து பள்ளிகளுக்கிடையேயான போட்டி தொடங்கியது. முதல் ஆட்டத்துக்கு நானும் மனைவியும் போனோம். நன்றாகத் தோற்றார்கள். நான் பார்வையாளர் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் பகுதியில் நடுவர் கொடுத்த ஒரு தீர்ப்பு விதிப்புத்தகத்தின்படி தவறு. என் மனைவி என் முழங்காலில் கை வைத்து அழுத்திக்கொண்டிருந்ததால் எழுந்திருக்க முடியவில்லை. கடைசி நிமிடத்தில் குட்டையான ஒரு பெண் எங்கோ பார்த்துக்கொண்டு பந்தை வேறு பக்கம் போட்டாள். அங்கே தோழி ஒருத்தி வந்து சேர்ந்தாள். கூடை விழுந்தது. ஏற்கெனவே தோற்றாயிற்று, அதனால் எந்தப் பயனும் இல்லை. கோட்டுக்கு வெளியே நின்ற மருமகள் மட்டும் ஏதோ கோப்பையை வென்றதுபோலக் கையை உயர்த்திக் குதித்தாள். கெட்ட முழங்கால் என்பதையும் மறந்துவிட்டாள். கழுத்தில் பயிற்சியாளர் அட்டை தனியே எகிறியது.

பதிவு அலுவலகத்தில் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் மேசை வேறு, பதில் எழுதும் மேசை வேறு போலும். குழு கூடியிருக்கிறது. இணைப்பு ஊவை விவாதித்திருக்கிறது. தங்கள் கேள்வி பயனுள்ளதாக இருந்தது என்று தொடங்கி, ஆட்டத்தின் பொருட்டே ஊதியம் வழங்கப்பட்டிருப்பதால், பதவியின் பெயர் எதுவாயினும், விண்ணப்பதாரர் ரயில்வேயில் சேர்ந்த நாள் முதல் தொழில்முறைக் கூடைப்பந்து ஆட்டக்காரர் என்றே கொள்ளப்படுவார் என்று முடிகிறது கடிதம். உடனே மருமகளை அழைத்துப் படித்துக் காட்டினேன். பின்னணியில் பந்து தரையில் மோதும் சத்தம்.

“அப்படியா மாமா. சரி, பத்திரமா வைங்க. பசங்க நிக்குதுக, அப்புறமா பேசுறேன்.”

கடிதம் வந்தது தைப்பூசத்துக்கு மறுநாள், காலை அஞ்சலில்.